நாடா அறுத்த புண்ணுன்னு நெனச்சாங்க

போன டிசம்பர்ல ஏற்காட்டுல காபி பறிக்கற ஒரு அம்மாவ அவங்க மருமக கூட்டிட்டு வந்திருந்தாங்க, எட்டு நாளா காய்ச்சல், தல வெடிக்குதுன்றாங்க, கையில ஒரு பை நெறைய ரிப்போர்ட்டு. டெங்கு இல்ல, மலேரியா இல்ல, டைபாய்டுக்கு எடுக்கற விடால் டெஸ்ட்ல மட்டும் லேசா ஏதோ இருக்கு. அத வச்சு "டைபாய்டு லேசா இருக்கு"ன்னு சொல்லி அஞ்சு நாள் ஊசி போட்டிருக்காங்க. (சேலத்துல யாருக்கு எப்ப விடால் எடுத்தாலும் லேசா ஏதோ இருக்கத்தான் செய்யும், அத நம்பி மருந்து ஆரம்பிக்கறது எனக்குப் பிடிக்காது.)

நர்ஸ ஸ்க்ரீன் இழுக்கச் சொல்லிட்டு உடம்பு முழுக்கப் பாத்தோம். பாவாடை நாடா கட்டற எடத்துல சிகரெட்டால சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு, சுத்தி சிவப்பு. "அது நாடா அறுத்த புண்ணுங்க டாக்டர், வலியே இல்லீங்க"ன்னாங்க. வலி இல்லாததுதான் பிரச்சனையே, அதனாலதான் யாரும் சொல்றதில்ல, அதுவும் இடுப்பு, அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழன்னு கூச்சப்படற எடமா பாத்து வருது.

இது ஸ்க்ரப் டைபஸ். உண்ணிக் காய்ச்சல்னு பேப்பர்ல போடறாங்க, ஆனா மாட்டு மேல இருக்கற உண்ணி இல்லீங்க இது, புதர்ல புல்லுல இருக்கற கண்ணுக்கே சரியா தெரியாத ஒரு பூச்சியோட குஞ்சு. கடிச்சு ஒரு வாரம் பத்து நாள் கழிச்சுதான் காய்ச்சலே வரும், அதுக்குள்ள தோட்டத்துக்குப் போனதே மறந்துடும். ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்கு ஒட்டாது, தட்டு டம்ளர தனியா வைக்க வேணாம். அந்தப் பூச்சி கடிக்கறப்ப உள்ள போற கிருமி நம்ம செல்லுக்குள்ள போய் ஒளிஞ்சுக்கற ஜாதி, அதனால வழக்கமா போடற பென்சிலின் வகை ஊசி எத்தன போட்டாலும் கேக்காது. டாக்ஸிசைக்ளின் கேக்கும், பெரும்பாலும் ரெண்டு நாள்ல காய்ச்சல் எறங்கிடும், கர்ப்பிணின்னா அஸித்ரோமைசின். அதுக்காக மெடிக்கல்ல போய் நீங்களே வாங்கிடாதீங்க.

வேலூர் சிஎம்சி முன்னின்று நடத்தி 2023ல வெளிவந்த ஆய்வுல, நோய் முத்திப்போனவங்களுக்கு இந்த ரெண்டு மருந்தையும் சேத்து நரம்புல ஏத்தினா தனித்தனியா போடறதவிட நல்லா கேக்குதுன்னு தெரிஞ்சுது, உறுப்புகள் பாதிக்கறது கொறஞ்சுது, ஆனா சாவு எண்ணிக்க பெருசா கொறையல. அதப் படிச்சப்ப எனக்கு ஒரு பழைய கேஸ்தான் ஞாபகம் வந்துச்சு. மொளகு பறிக்கறவரு, ஓபில கூட்டம், சட்டையக் கூட கழட்டச் சொல்லாம நான் மாத்திர எழுதிக் குடுத்தேன், மூணாம் நாள் மூச்சு வாங்கி ஐசியூல படுத்தாரு. பொழச்சுட்டாரு. பொருக்கு அக்குள்ல இருந்துச்சு. எல்லாருக்கும் பொருக்கு இருக்காது, அது வேற விஷயம், ஆனா அவருக்கு இருந்துச்சு, நான் பாக்கல.

அந்தம்மா மருந்து ஆரம்பிச்ச மூணாவது நாளே எந்திரிச்சு இட்லி கேட்டாங்க. ரிவ்யூவுக்கு வந்தப்ப, "பொருக்கு விழுந்ததும் பறிக்கப் போலாமுங்களா?"ன்னாங்க. போங்க, ஆனா மத்தியானம் சோறு திங்கறப்ப புல்லுத்தரையில அப்படியே உக்காராதீங்க, வீட்டுக்கு வந்ததும் குளிச்சு துணிய ஊறப்போடுங்கன்னேன். "தோட்டத்துல சேரா போட்டு வச்சிருக்காங்க?"ன்னு மருமக சிரிச்சுட்டாங்க, அப்புறம் அவங்களே ஒரு பழைய சாக்கு குடுத்தனுப்பறேன்னாங்க.