கை வரவில்லை என்று ஊசியை வைத்துவிடும் முன்

சில மாதங்களுக்கு முன் ஒரு பெண் என் குரோஷே (கொக்கி முனை ஊசியால் நூலைப் பின்னும் கலை) வகுப்புக்கு வந்தார். பையிலிருந்து எடுத்து மேசைமேல் விரித்தது ஒரு முக்கோணம். அவர் பின்ன நினைத்ததோ நீளமான மஃப்ளர். "டீச்சர், மூணு தடவை பிரிச்சுப் போட்டுட்டேன். ஒவ்வொரு தடவையும் இப்படியே குறுகிப்போகுது. எனக்குக் கை வராது போல" என்றார்.

முக்கோணத்தை அவரிடமே கொடுத்து, வரிசை வரிசையாக எண்ணச் சொன்னேன். முதல் வரிசையில் 20 ஸ்டிச். இரண்டாவதில் 19. மூன்றாவதில் 18. எண்ணிக்கொண்டே போனார். 13-ஆவது வரிசையில் 8 இருந்தது. இரண்டு ஓரமும் ஒரே சாய்வில், அளவெடுத்து வெட்டியது போல ஏறியிருந்தன.

கை தடுமாறுகிறவருக்கு இப்படி வராது. ஒரு வரிசையில் இரண்டு குறையும், அடுத்ததில் ஒன்று கூடும், ஓரம் கோணல்மாணலாக இருக்கும். வரிசைக்கு ஒன்று, அதுவும் தவறாமல் ஒன்று குறைகிறது என்றால் கை சொன்னபடி கேட்டிருக்கிறது. சொல்லிக்கொடுத்ததில்தான் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. அவர் ஒவ்வொரு வரிசை முடிவிலும் ஒரே ஒரு ஸ்டிச்சை விட்டிருந்தார். வரிசை முடிந்ததும் துணியைத் திருப்பிப் பிடிக்கிறோம் இல்லையா, அதனால் விடுபடும் இடம் ஒருமுறை இந்த ஓரம், மறுமுறை அந்த ஓரம். இரண்டு பக்கமும் சமமாகக் குறுகியது அதனால்தான்.

குரோஷேயைப் பாதியில் விட்டவர்களில் பெரும்பாலோர் என்னிடம் சொல்லும் காரணம் "கை வரல" என்பதுதான். கை வந்துவிடும், அதற்கு நாள் கணக்குத்தான். பழக்க வேண்டியது கண்ணை. ஒரு ஸ்டிச் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று துணியைப் பார்த்துச் சொல்லத் தெரியாமலேயே பலரும் அடுத்த வரிசைக்குப் போய்விடுகிறார்கள். நானும் ஆரம்பத்தில் "கடைசி ஸ்டிச் வரைக்கும் போடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போய்விடுவேன். கடைசி ஸ்டிச் எது என்று அவர்களுக்குத் தெரியுமா என்று கேட்டதில்லை. இப்போது முதல் வகுப்பிலேயே எண்ணிக் காட்டச் சொல்லிவிடுகிறேன்.

பின்னிய வரிசையின் மேல்விளிம்பை உங்களை நோக்கிச் சாய்த்துப் பாருங்கள். படுக்கவைத்த சடை போலத் தெரியும். அந்தச் சடையின் ஒவ்வொரு மடிப்பிலும் இரண்டு இழை உண்டு, ஆங்கில 'வி' எழுத்தைப் போல. ஒரு 'வி' என்றால் ஒரு ஸ்டிச். ஊசியை அந்த இரண்டு இழைக்கும் அடியில் நுழைக்க வேண்டும். தெரியாமல் ஓர் இழையை மட்டும் எடுத்தால் அந்த இடத்தில் துணி தொய்ந்து, கோடு விழுந்தது போல இருக்கும். எண்ணும்போது ஊசியில் மாட்டியிருக்கும் லூப்பைச் சேர்க்கக் கூடாது. தொடக்கத்தில் போட்ட சுருக்கு முடிச்சும் கணக்கில் வராது.

இனி அந்த முக்கோணத்தின் காரணம். அவர் பின்னியது டபுள் குரோஷே, அது உயரமான ஸ்டிச். புதிய வரிசையின் தொடக்கத்தில் நூல் கீழே இருக்கிறது, அதை அந்த உயரத்துக்கு ஏற்ற 3 செயின் (ஊசியிலுள்ள லூப் வழியாக நூலை இழுத்துப் போடும் சங்கிலிக் கண்ணி) போடுகிறோம். இந்த 3 செயினே பொதுவாக அந்த வரிசையின் முதல் ஸ்டிச்சாகக் கணக்காகிறது. ஆகவே அடியிலிருக்கும் முதல் 'வி'யை விட்டுவிட்டு அடுத்ததில் பின்னத் தொடங்குகிறோம். இதுவரை எல்லோரும் சரியாகச் செய்துவிடுவார்கள். வரிசையின் மறுமுனைக்குப் போகும்போது, முந்தைய வரிசையில் போட்ட அந்த 3 செயின் ஓரத்தில் ஒல்லியாக நிற்கும். பார்த்தால் ஸ்டிச் மாதிரியே இருக்காது. ஆனால் அதுவும் ஒரு ஸ்டிச்தான், அதன் மூன்றாவது செயினில் நம் கடைசி டபுள் குரோஷேயைப் போட வேண்டும். அதை விட்டால் ஒன்று குறையும். மாறாக, தொடக்கத்தில் முதல் 'வி'யை விடாமல் அதிலும் போட்டு, கடைசியில் செயினிலும் போட்டால் வரிசைக்கு ஒன்று கூடி, துணி விசிறி போல அகலும்.

உயரம் குறைந்த சிங்கிள் குரோஷேயில் கதை வேறு. அங்கே திரும்பும்போது 1 செயின்தான். அது பெரும்பாலும் கணக்கில் வராது. அதனால் முதல் 'வி'யிலேயே பின்ன வேண்டும். டபுளில் பழகியவர் சிங்கிளுக்கு வந்தால் பழக்கதோஷத்தில் முதல் 'வி'யைத் தாண்டிவிடுவார். டபுளைவிடக் குட்டையான ஹாஃப் டபுளுக்கு 2 செயின், டபுளைவிட உயரமான ட்ரெபிளுக்கு 4. ஹாஃப் டபுளில் அந்த 2 செயினை எண்ண வேண்டுமா என்பது பேட்டர்னுக்குப் பேட்டர்ன் (பின்னும் முறையை எழுதிவைத்த குறிப்பு) மாறும், படித்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

அந்தப் பெண்ணுக்கு நான் செய்து காட்டியது ஒன்றுதான். 3 செயின் போட்டவுடன் மூன்றாவது செயினில் ஒரு சேஃப்டி பின்னை மாட்டச் சொன்னேன். திரும்பி வரும்போது பின் இருக்கும் இடத்தில் கடைசி ஸ்டிச். 22 செயின் போட்டு, ஊசியிலிருந்து நான்காவது செயினில் தொடங்கினார். விட்ட 3 செயினை ஒரு ஸ்டிச்சாகச் சேர்த்து முதல் வரிசையில் 20. ஒவ்வொரு வரிசை முடிவிலும் எண்ணினார். ஆறு வரிசை போனபிறகும் 20. "இவ்வளவுதானா?" என்று ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அடுத்தபடியாக நான் அதிகம் பார்ப்பது இறுக்கம். ஊசி உள்ளே நுழையவே மறுக்கிறது, நூல் கீச்சென்று உரசுகிறது, அரை மணியில் கட்டைவிரல் அடி வலிக்கிறது என்பார்கள். ஊசியை உற்றுப் பாருங்கள். கொக்கி முனைக்குக் கீழே கழுத்துப் பகுதி குறுகலாக இருக்கும், அதற்குக் கீழே தண்டு முழுத் தடிமனாக இருக்கும். 5 மி.மீ. ஊசி என்றால் 5 மி.மீ. இருப்பது தண்டில்தான். புதிதாகப் பின்னுகிறவர்கள் லூப் நழுவிவிடுமோ என்ற பயத்தில் கழுத்திலேயே வைத்து இழுத்து முடித்துவிடுகிறார்கள். லூப் சின்னதாகிவிடும், அடுத்த வரிசையில் ஊசி நுழைய இடம் இருக்காது. ஒவ்வொரு லூப்பையும் தண்டுவரை நகர்த்திவிட்டு அடுத்ததைப் போடுங்கள். முதல் வரிசைக்கு அடியில் போடும் அடிச்செயின் மட்டும் இறுகினால் துணியின் அடிப்பக்கம் சுருங்கி மேலே விரியும். அதற்கு, செயினை மட்டும் ஒரு சைஸ் பெரிய ஊசியில் போட்டுவிட்டுப் பழைய ஊசிக்கு மாறிக்கொள்ளலாம்.

ஊசியைப் பென்சில் பிடிப்பது போலவும் பிடிக்கலாம், கத்தி பிடிப்பது போலவும் பிடிக்கலாம். இரண்டில் எது உயர்ந்தது என்ற பேச்சே வேண்டாம். வலி வராத பிடி எதுவோ அதுதான் உங்களுடையது. நூல் மறு கையில் சுண்டுவிரலைச் சுற்றி, ஆள்காட்டி விரல்மேல் ஓடட்டும். இருபது, முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை ஊசியை வைத்துவிட்டு விரல்களை விரித்து மடக்குங்கள். விரல் மரத்துப்போவது, இரவில் மணிக்கட்டு வலித்து எழுப்புவது இதெல்லாம் தொடர்ந்தால் பின்னுவதை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். "பழகினா சரியாப் போயிடும்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். இடது கைக்காரர்கள் வலது கைக்கு மாற வேண்டியதில்லை. சொல்லித்தருபவரின் பக்கத்தில் உட்காராமல் எதிரே உட்கார்ந்தால் கண்ணாடியில் பார்ப்பது போல அப்படியே செய்யலாம்.

ஸ்டிச்சுகள் எத்தனையோ இருக்கின்றனவே என்று மலைக்க வேண்டாம். எல்லாமே நுழை, இழு, லூப்பை முடி என்பதன் மாறுபாடுகள். சிங்கிளில் ஊசியை நுழைத்து நூலை இழுத்தால் ஊசியில் 2 லூப், இரண்டையும் ஒருசேர முடிக்கிறோம். நுழைப்பதற்கு முன் நூலை ஒருமுறை சுற்றிக்கொண்டால் 3 லூப் கிடைக்கும். மூன்றையும் ஒரே இழுப்பில் முடித்தால் ஹாஃப் டபுள், இரண்டிரண்டாக இருமுறை முடித்தால் டபுள். இருமுறை சுற்றிக்கொண்டால் ட்ரெபிள்.

முதல் நூலாகக் கறுப்பையும் கருநீலத்தையும் தயவுசெய்து எடுக்காதீர்கள், பஞ்சு பறக்கும் நூலையும் தவிருங்கள். 'வி' கண்ணுக்கே தெரியாது. வெளிர் நிறத்தில், வழவழப்பான, நடுத்தரத் தடிமன் நூலும் 5 அல்லது 5.5 மி.மீ. ஊசியும் போதும். பல நூல்களின் லேபிளில் தடிமன் எண் 0 முதல் 7 வரை அச்சிட்டிருக்கும், நடுத்தரம் என்பது 4.

பேட்டர்ன் படிக்கத் தொடங்கும்போது ஒரு குழப்பம் காத்திருக்கிறது. இதை அறியாமல் முழு ஸ்வெட்டரையே பிரித்தவர்கள் உண்டு. அமெரிக்க முறையில் சிங்கிள் குரோஷே எனப்படுவது பிரிட்டிஷ் முறையில் டபுள் குரோஷே. அமெரிக்க டபுள், பிரிட்டிஷ் முறையில் ட்ரெபிள். பெயர் ஒன்று, உயரம் வேறு. பேட்டர்னில் எங்காவது 'சிங்கிள் குரோஷே' என்று இருந்தால் அது அமெரிக்க முறை, பிரிட்டிஷ் முறையில் அந்தப் பெயரே கிடையாது. இந்தக் கட்டுரையில் நான் சொல்வதெல்லாம் அமெரிக்கப் பெயர்கள்.

வட்டம் பின்னும்போதும் எண்ணிக்கைதான் எல்லாம். சிங்கிள் குரோஷேயில் 6 ஸ்டிச்சில் தொடங்கினால் அடுத்த சுற்று 12, பிறகு 18, 24 என்று சுற்றுக்கு 6 கூட வேண்டும். குறைத்துப் போட்டால் கிண்ணம் போலக் குழியும். கூட்டிப் போட்டால் ஓரம் அலை அலையாக நெளியும். அந்த நெளிவு வெறும் பிழை அல்ல: லாட்வியாவில் பிறந்த கணிதவியலாளர் டைனா டைமினா 1997-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில், ஸ்டிச்சுகளை ஒரே விகிதத்தில் கூட்டிக்கொண்டே போய், ஹைப்பர்போலிக் தளம் என்ற, எங்கும் குதிரைச் சேணம் போல வளையும் வடிவத்தைக் கையில் தொட்டுப் பார்க்கும்படி பின்னிக் காட்டினார். அவர் வேண்டுமென்று கூட்டினார், நாம் எண்ணாமல் கூட்டிவிடுகிறோம்.

பழகியவுடன் எல்லோரும் முதலில் பின்ன நினைப்பது குழந்தைக்கு ஒரு பொம்மை. 3 வயதுக்குட்பட்ட குழந்தையின் பொம்மைக்குப் பட்டன் கண்ணோ மணியோ வைக்காதீர்கள், கழன்றால் தொண்டையில் சிக்கும். கண்ணை நூலாலேயே தைத்துவிடுங்கள். சூடான பாத்திரம் பிடிக்கும் துணியை அக்ரிலிக் நூலில் பின்ன வேண்டாம், சூட்டில் உருகும். அதற்குப் பருத்தி நூல்தான்.

கடைசி வரிசை முடிந்ததும் நூலை ஒட்ட வெட்டிவிடாமல் 15 செ.மீ. விட்டு வெட்டுங்கள். வெட்டிய முனையைக் கடைசி லூப் வழியாக முழுவதும் இழுத்து இறுக்கி, மொண்ணை முனைத் தையல் ஊசியில் கோத்து, துணிக்குள் ஒரு திசையில் ஓட்டி, திருப்பி எதிர்த்திசையிலும் ஓட்டுங்கள். ஒரே திசையில் ஓட்டியது இரண்டு துவையலில் வெளியே வந்துவிடும்.