சி5 கார்வெட்: தொலைந்துபோன மைலேஜைத் தேடிப் பிடிப்பது எப்படி

1997 முதல் 2004 வரை அமெரிக்காவில் விற்ற ஐந்தாம் தலைமுறை (சி5) செவ்ரோலெட் கார்வெட்டை இன்று செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் இரண்டு வகை. 5.7 லிட்டர் வி8 எஞ்சின், ஏறக்குறைய 350 குதிரைத்திறன், இது பெட்ரோல் குடிக்கத்தானே செய்யும் என்று முதலிலேயே கைகழுவி விடுகிறவர்கள் ஒரு வகை. ‘ஸ்டிக்கரில் நெடுஞ்சாலைக்கு 28 மைல் என்று போட்டிருந்தார்களே, எனக்கு ஏன் 21தான் வருகிறது?’ என்று கேட்கிறவர்கள் இன்னொரு வகை. நியாயம் இரண்டாமவர்கள் பக்கம்.

மேனுவல் கியர் வண்டிக்கு அன்று ஒட்டிய ஸ்டிக்கரில் இருந்தது கேலனுக்கு 28 மைல், அதாவது லிட்டருக்கு ஏறக்குறைய 12 கிலோமீட்டர். 2008இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை கணக்கிடும் முறையை மாற்றியது. புதிய முறைப்படி அதே வண்டிக்கு 26 வரும். ஆகவே 26க்கும் 28க்கும் நடுவில் வந்தால் வண்டி நலம். 22க்குக் கீழே இறங்கினால் எங்கோ எதையோ இழந்திருக்கிறது என்று பொருள்.

இவ்வளவு பெரிய எஞ்சினுக்கு அந்த எண் எப்படிச் சாத்தியமாகிறது என்று தெரிந்தால்தான் எங்கே தேடுவது என்பதும் தெரியும். மணிக்கு 70 மைல் வேகத்தில், சமதரையில், இந்தக் காரைத் தள்ளிக்கொண்டு போக 25 குதிரைத்திறன் போதும். காற்றுத்தடைக் குணகம் 0.29, எடை 1,500 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. மீதி 325 குதிரைகளும் சும்மா நிற்கின்றன. சும்மா நிற்கும் பெரிய எஞ்சினில் பெட்ரோல் வீணாவது இரண்டு வழிகளில். ஒன்று, உள்ளே உராய்வு. மற்றது, ‘திராட்டில்’ எனப்படும், காற்று நுழையும் கதவு பாதி மூடியிருக்க, அதன் வழியாகக் காற்றை உறிஞ்ச எஞ்சின் படும் பாடு. சுற்று வேகத்தைக் குறைத்தால் இரண்டுமே குறையும். அதனால்தான் ஆறாவது கியரின் விகிதத்தை 0.50 என்று வைத்தார்கள். பின் அச்சின் 3.42 விகிதத்தோடு சேர்த்தால் 70 மைல் வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,550 சுற்றுதான் சுற்றும். அதே வேகத்தில் அந்தக் காலத்து நாலு சிலிண்டர் கார்கள் பலவும் 2,500க்கு மேல் கத்திக்கொண்டிருக்கும்.

அதாவது மைலேஜ் இந்த வண்டிக்குள் ஏற்கெனவே இருக்கிறது. வெளியிலிருந்து எதையும் வாங்கி மாட்டத் தேவையில்லை. இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் தேய்ந்ததும், முந்தைய சொந்தக்காரர் ‘மேம்படுத்துகிறேன்’ என்று கெடுத்து வைத்ததும் எவை என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

முதலில் சரியாக அளந்து பாருங்கள்

டேஷ்போர்டுத் திரை காட்டும் சராசரியை அப்படியே நம்ப வேண்டாம். இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதை வைத்துக் கம்ப்யூட்டர் போடும் கணக்கு அது. இன்ஜெக்டர் அழுக்கேறியிருந்தாலும், யாராவது வேறு அளவு இன்ஜெக்டர் மாட்டியிருந்தாலும் கணக்கு தப்பும். பெட்ரோல் முள்ளும் இந்த மாடலில் நம்பகமானது இல்லை. பெட்ரோலில் உள்ள கந்தகம் டேங்க் சென்சாரின் தொடுமுனைகளில் படிந்து, டேங்க் நிறைய இருக்கும்போதே திடீரென்று ‘காலி’ என்று காட்டும். நல்ல டேங்க் கிளீனர் திரவத்தை இரண்டு மூன்று டேங்குக்குத் தொடர்ந்து ஊற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். சென்சாரை மாற்ற ஓடுவதற்கு முன் அதைச் செய்து பாருங்கள்.

அளக்கும் முறை பழைய முறைதான். டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பி வகுக்க வேண்டும். ஆனால் இந்த வண்டியில் இடமும் வலமுமாக இரண்டு டேங்குகள், நடுவில் ஒரு இணைப்புக் குழாய். வேகமாக நிரப்பினால் இடது டேங்க் நிறைந்து பம்ப் ‘டக்’கென்று நிற்கும், வலதுக்கு இன்னும் போய்ச் சேர்ந்திருக்காது. எனவே அதே பங்க், அதே பம்ப், வண்டி அதே திசை, மெதுவான வேகம், முதல் ‘டக்’கில் நிறுத்துவது என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 மைல் ஓட்டிவிட்டுக் கணக்குப் போட்டால் அரை கேலன் வித்தியாசமே முடிவை 12 சதவீதம் புரட்டிவிடும். 350 மைலாவது ஓட்டுங்கள். ஓடோமீட்டரையும் சோதியுங்கள். இன்டர்ஸ்டேட் ஓரத்து மைல் பலகைகளில் பத்தைக் கடக்கும்போது ஓடோமீட்டர் எத்தனை காட்டுகிறது என்று பார்த்தால் போதும். பின் டயரை வேறு உயரத்துக்கு மாற்றியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

மூக்குக்குக் கீழே

மைலேஜ் புகாரோடு வரும் சி5ஐ லிஃப்டில் ஏற்றியதும் பார்க்க வேண்டிய முதல் இடம் எஞ்சின் இல்லை; முன் பம்பருக்கு அடியில் தொங்கும் கறுப்பு பிளாஸ்டிக் தடுப்பு. மூன்று துண்டுகளாக இருக்கும். பார்க்கிங் திண்டில் உரசி உரசிக் கிழிந்து, பல கார்களில் ஏதாவது ஒரு துண்டு காணாமல் போயிருக்கும். ‘அழகுக்கு வைத்தது, போனால் போகட்டும்’ என்று விட்டுவிடுகிறார்கள். இந்தக் காருக்கு முன்பக்கம் கிரில் கிடையாது. ரேடியேட்டருக்குக் காற்று கீழிருந்துதான் வருகிறது. காற்றை மேலே திருப்பி விடுவது அந்தத் தடுப்புதான். அது இல்லாவிட்டால் காற்று அடிப்பக்கம் நேராக ஓடித் தடையைக் கூட்டும். ரேடியேட்டர் பட்டினி கிடக்கும். டிராஃபிக்கில் சரியாக இருந்துவிட்டு, நெடுஞ்சாலையில் மட்டும் சூடேறும் சி5க்கு முதல் சந்தேகம் இதன் மேல்தான் விழ வேண்டும்.

அதே இடத்தில் இன்னொன்று. கீழிருந்து உறிஞ்சும் வண்டி என்பதால் சாலைக் குப்பை எல்லாம் ஏசி கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் போய் அடைந்துகொள்ளும். காய்ந்த இலை, பிளாஸ்டிக் பை எல்லாம் கைப்பிடி கைப்பிடியாக வரும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ரேடியேட்டரைத் தளர்த்திச் சாய்த்தால்தான் தெரியும்.

முகப்பு விளக்குகளையும் பாருங்கள். மடங்கி எழும் விளக்குகள் இவை. மோட்டாருக்குள் இருக்கும் நைலான் பல்சக்கரம் தேய்ந்தால் ஒரு விளக்கு பாதி எழுந்தபடியே நின்றுவிடும். பித்தளைப் பல்சக்கரம் தனியாகக் கிடைக்கிறது. காற்றைக் கிழித்துப் போக வடித்த மூக்கில் ஒரு செங்கல்லை நிறுத்தி வைத்தது போல ஓட்டிக்கொண்டிருப்பதற்கு அது மலிவு.

எஞ்சின் என்ன சொல்கிறது

ஸ்கேனர் இல்லாமல் இந்தப் பகுதிக்குள் நுழைய வேண்டாம். காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் சாதாரண ஓபிடி-2 ப்ளூடூத் கருவியும் ஒரு மொபைல் ஆப்பும் போதும். எண்களைக் குறிக்கப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்கட்டும்.

முதல் எண் கூலண்ட் வெப்பம். கம்பெனி தெர்மோஸ்டாட் 186 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 86 செல்சியஸ். நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போது அதற்குச் சற்று மேலே நிற்க வேண்டும். 75க்குக் கீழே நின்றால் தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கிறது; அல்லது முந்தைய சொந்தக்காரர் 160 ஃபாரன்ஹீட் தெர்மோஸ்டாட் போட்டிருக்கிறார். ‘குளிர்ந்த எஞ்சின் கூடுதல் பவர் தரும்’ என்று நம்பிச் செய்வது. பந்தயத் தளத்தில் அதற்கு ஏதோ பொருள் உண்டு. தினசரி ஓட்டத்தில் ஆயில் தடித்தே கிடக்கும், உராய்வு கூடும், சூடேறும்வரை கூடுதல் பெட்ரோல் ஊற்றும் கட்டமும் நீளும். பழையதையே திரும்ப மாட்டுங்கள்.

அடுத்தது ஃபியூயல் ட்ரிம்: கணக்குப்படியான அளவை விட எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ கம்ப்யூட்டர் பெட்ரோல் ஊற்றுகிறது என்ற எண். எஞ்சின் முழுச் சூட்டில் இருக்கும்போது, 70இல் சீராகப் போகையில், இரண்டு பக்கச் சிலிண்டர் வரிசைகளுக்கும் குறுகிய கால, நீண்ட கால ட்ரிம்களைக் கூட்டிப் பாருங்கள். ±5 சதவீதத்துக்குள் இருந்தால் அப்பால் போகலாம். ஐடிலில் (வண்டி நிற்க, எஞ்சின் மட்டும் ஓடும்போது) மட்டும் கூட்டலில் ஏறி, நெடுஞ்சாலையில் சரியாகிவிட்டால் இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கெட் இறுகிக் காற்று கசிகிறது. முதல் சில ஆண்டு வண்டிகளில் இது சகஜம். நெடுஞ்சாலையிலும் இரண்டு பக்கமும் +10ஐத் தாண்டினால் காற்றளவு சென்சார் அழுக்கு, இல்லாவிட்டால் பெட்ரோல் ஃபில்டர் அடைப்பு. எண்ணெய் தடவும் வகை ஏர் ஃபில்டரை மாட்டி, எண்ணெயைத் தாராளமாகப் பூசியவர்கள் காற்றளவு சென்சாரின் சூடான கம்பியில் அந்த எண்ணெயைத் தேடலாம். அதற்கென்றே விற்கும் ஸ்ப்ரேயால் மட்டும் கழுவுங்கள். கார்புரேட்டர் கிளீனரும் துணியும் அங்கே ஆகாது.

ட்ரிம் கூட்டலில் இருப்பதாலேயே பெட்ரோல் வீணாகிறது என்று அர்த்தமில்லை. குறைந்ததை ஈடுகட்டிக் கலவையைச் சரியான இடத்துக்கு கம்ப்யூட்டர் கொண்டுவந்திருக்கலாம். உண்மையான நஷ்டம் ஆக்சிஜன் சென்சார் பொய் சொல்லும்போதுதான். சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் கேஸ்கெட் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே புகும். சென்சார் ‘ஆக்சிஜன் அதிகம், பெட்ரோல் குறைவு’ என்று சொல்லும். கம்ப்யூட்டர் ஊற்றும். ட்ரிம் கூட்டல், ஆனால் ஸ்பார்க் பிளக் கரி என்று இரண்டும் சேர்ந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். ஹெடர் (எஞ்சினை ஒட்டிய எக்ஸாஸ்ட் குழாய்கள்) மாற்றிய வண்டிகளில் இதைத் தவறாமல் தேடுங்கள். நான்கு சென்சார்களில் கலவையைத் தீர்மானிப்பவை புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் உள்ள இரண்டு. ஒரு லட்சம் மைல் தாண்டியிருந்தால் அந்த இரண்டையும் ஜோடியாக மாற்றுவது நியாயமான செலவு. பின்னால் உள்ள இரண்டையும் சேர்த்து மாற்றச் சொன்னால் காரணம் கேளுங்கள்.

மூன்றாவது, நாக் ரிடார்டு: சிலிண்டருக்குள் பெட்ரோல் தாறுமாறாக வெடிப்பதை (நாக்) தவிர்க்க, பிளக் பொறி விடும் நேரத்தைக் கம்ப்யூட்டர் எத்தனை டிகிரி தள்ளிப்போடுகிறது என்ற எண். லேசான ஏற்றத்தில் இது சுழியத்தில் நிற்க வேண்டும். மூன்று நான்கு டிகிரி காட்டினால் எஞ்சின் இக்னிஷனைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறது. அந்த அளவுக்குப் பெட்ரோலின் வேலை வீண். 91 ஆக்டேன் கேட்கும் எஞ்சினுக்கு 87 ஊற்றுவது முதல் காரணம். எஞ்சினின் அடிப்பகுதியில் சேரும் வாயுவை மறுபடி உள்ளே இழுக்கும் பிசிவி குழாய் வழியாக ஆயிலும் உறிஞ்சப்படுவது அடுத்தது. திராட்டில் பாடியைக் கழற்றி விரலை விட்டுத் தடவினால் தெரியும்.

பிளக் இரிடியம் வகையானால் இடைவெளி 1 மில்லிமீட்டர். அலுமினிய ஹெட் என்பதால் எஞ்சின் ஆறிய பிறகே கழற்றுங்கள்.

உருள வேண்டியவை உருளுகின்றனவா

டயர் அழுத்தம், குளிர்ந்த நிலையில் நான்கிலும் 30 பிஎஸ்ஐ. வெளிவெப்பம் 10 டிகிரி ஃபாரன்ஹீட் இறங்கினால் ஒரு பிஎஸ்ஐ இறங்கும். அக்டோபரில் பார்த்துவிட்டு ஜனவரியில் மைலேஜ் போச்சே என்று வருத்தப்படுவதில் பயனில்லை. 36, 38 என்று ஏற்றினால் சிறு லாபம் வரும். ஆனால் 275 அகலப் பின் டயர் நடுவில் மட்டும் தேயும், மழையில் பிடிமானம் போகும். பக்கவாட்டில் டாட் எழுத்துகளுக்குப் பின் வரும் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரமும் ஆண்டும். பத்து வருடம் தாண்டிய டயரில் மைலேஜ் பேச்சே வேண்டாம், மாற்றுங்கள்.

நெடுஞ்சாலையில் இருபது மைல் ஓட்டி, பிரேக்கை முடிந்தவரை தொடாமல் ஓரம் கட்டி, இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் நான்கு டிஸ்க்கையும் பாருங்கள். ஒரே அச்சில் இடது வலது வித்தியாசம் 25 செல்சியஸைத் தாண்டினால் காலிப்பர் பின் இறுகியிருக்கிறது. பின் சக்கரமானால் டிஸ்க்குக்குள் இருக்கும் ஹேண்ட் பிரேக் ஷூவையும் பாருங்கள்.

லீஃப் ஸ்பிரிங் போல்ட்டைத் திருகி வண்டியைத் தாழ்த்துவது இந்த மாடலில் சுலபம். அதனாலேயே பலர் செய்துவிட்டு அலைன்மென்ட் பார்க்காமல் விடுகிறார்கள். தாழ்த்தினால் டோ, அதாவது மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம், மாறும். டயர் உருள்வதோடு உரசிக்கொண்டும் போகும். நான்கு சக்கர அலைன்மென்ட் கட்டாயம்.

மேனுவல் கியர்பாக்ஸுக்கு ஊற்ற வேண்டியது டெக்ஸ்ரான்-3 வகை ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஆயில். ‘மேனுவல்தானே’ என்று தடித்த கியர் ஆயில் ஊற்றினால் குளிரில் கியர் விழாது, மைலேஜும் இறங்கும். 75டபிள்யூ-90 போக வேண்டிய இடம் டிஃபரன்ஷியல். லிமிடெட் ஸ்லிப் சேர்க்கையோடு.

ஆட்டோமேட்டிக் வண்டியானால் ஒரே சோதனை. காலியான சாலையில் 65இல் சீராகப் போகும்போது பிரேக் பெடலை விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் தொடுங்கள். சுற்று வேகம் சட்டென்று ஏற வேண்டும். ஏறாவிட்டால் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டர் லாக் ஆகவே இல்லை; வழுக்கிக்கொண்டே ஓடுகிறது.

ஓட்டும்போது

60இலிருந்து 70க்குப் போனால் தேவைப்படும் தள்ளுவிசை ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது. 70இலிருந்து 80க்கு இன்னொரு ஐந்தில் ஒரு பங்கு. 80இல் ஓட்டிவிட்டு 28ஐத் தேட வேண்டாம். ஆறாவது கியரை 50 மைலுக்குக் கீழே போடாதீர்கள்; 1,100 சுற்றில் எஞ்சின் முனகும், ஏற்றத்தில் காலை அழுத்த வேண்டிவரும். கூரைப் பலகையைக் கழற்றி ஓட்டுவதுதான் இந்தக் காரின் சுகம். ஆனால் அளக்கும் நாளில் மாட்டி வையுங்கள். முதல் கியரிலிருந்து நாலாவதற்குத் தள்ளிவிடும் ஏற்பாட்டைப் பிடுங்கிப் போட்டவர்கள் கவலைப்பட வேண்டாம். அது நகர ஓட்டச் சோதனைக்காக வைத்தது. நெடுஞ்சாலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில் ஏறக்குறைய 3 சதவீதம் குறையும். அது வண்டியின் குற்றமில்லை. சீராக ஓடும்போது பெட்ரோலைக் குறைத்துக் காற்றைக் கூட்டும் ‘லீன் க்ரூஸ்’ ட்யூனிங் செய்து தருகிறோம் என்பவர்களிடம் போகாதீர்கள். ஆக்சிஜன் மிஞ்சிய புகையில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரால் நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்க முடியாது. உமிழ்வுக் கட்டுப்பாட்டில் கைவைப்பது அமெரிக்கச் சட்டத்தை மீறுவதும்கூட.

எங்கே நிறுத்துவது என்பதற்கு ஒரு கணக்கு. ஆண்டுக்கு 3,000 மைல் ஓடும் வண்டி 20இலிருந்து 26க்கு ஏறினால் மிச்சம் 35 கேலன். 26இலிருந்து 28க்கு ஏற்ற இன்னும் இரண்டு சென்சார், ஒரு செட் இன்ஜெக்டர் என்று பில் போட்டால், அதில் ஆண்டுக்கு மிஞ்சுவது 8 கேலன்.