பையனைப் பார்க்க வந்தேன் என்று சொல்லாதீர்கள்: கிரீன் கார்டுடன் திரும்பும் பெற்றோருக்கு

பெங்களூரின் அல்சூரிலும் ஜெயநகரிலும் உள்ள தமிழ்க் குடும்பங்களில் இது இப்போது சகஜம். பிள்ளை அமெரிக்கக் குடிமகன் ஆனதும் அப்பா அம்மாவுக்கு, அங்கே நிரந்தரமாகக் குடியிருக்க அனுமதிக்கும் கிரீன் கார்டு எடுத்துக் கொடுக்கிறார். அதன்பின் பாதி வருடம் அங்கே, பாதி வருடம் இங்கே. "ஆறு மாசத்துக்கு ஒருதடவை போய்த் தலையைக் காட்டினா போதும், கார்டு நிக்கும்" என்று பூங்காவில் நடக்கிறவர்கள் சொல்லிக்கொள்வதுதான் இவர்களுக்குச் சட்டம். உண்மையான சட்டத்தில் அப்படி ஒரு வரி இல்லை.

அதில் இருப்பது வேறு இரண்டு கணக்குகள். அமெரிக்காவுக்கு வெளியே தொடர்ந்து இருந்தது 180 நாளுக்குள் என்றால், பொதுவாக உங்களைப் புதிதாக அனுமதி கேட்டு வருபவராக நடத்தக் கூடாது. அதைத் தாண்டினால் அப்படி நடத்தலாம். கேள்விகள் கூடும், ஆனால் கார்டு தானாகப் போய்விடாது. மாதத்தை எண்ணாமல் நாளை எண்ணுங்கள். ஜனவரி 5 கிளம்பியவருக்கு ஜூலை 4-லேயே 180 ஆகிவிடும். அடுத்த எல்லை 1 வருடம். அது கடந்துவிட்டால் கார்டு பயண ஆவணமாகச் செல்லாது. இந்தத் தடை முதலில் விழுவது அமெரிக்காவில் அல்ல, பெங்களூர் தேவனஹள்ளி விமான நிலையத்தின் செக்-இன் கவுன்டரில். உரிய ஆவணம் இல்லாதவரை ஏற்றிச் சென்றால் விமான நிறுவனம்தான் அபராதம் கட்ட வேண்டும். அதனால் அங்கேயே பாஸ்போர்ட்டைப் புரட்டி முத்திரைத் தேதியைப் பார்ப்பார்கள்.

இந்த இரண்டுக்கும் மேலாக ஒன்று உண்டு. 180 நாளுக்குள் திரும்பினாலும், உங்கள் நிரந்தர வீடு எது என்று அமெரிக்க விமான நிலையத்தின் குடிவரவு அதிகாரி கேட்கலாம். வருடாவருடம் ஐந்து மாதம் பெங்களூர், ஒரு மாதம் அமெரிக்கா என்று மாற்றி மாற்றிப் போனால், ஒரு தடவைகூட 180-ஐத் தொடாமலே குடியிருப்பைக் கைவிட்டவர் என்ற சந்தேகத்துக்கு ஆளாவீர்கள்.

சந்தேகம் பெரும்பாலும் ஒரு பதிலில் தொடங்குகிறது. "எதற்காக வந்தீர்கள்?" என்று கேட்டதும், நம் பெரியவர்கள் வெள்ளந்தியாக "பையனைப் பார்க்க" என்பார்கள். "எத்தனை நாள்?" என்றால் "ரெண்டு மாசம்." இரண்டும் சுற்றுலா விசாக்காரர் சொல்லும் பதில். அங்கேயே குடியிருப்பவர் சொல்ல வேண்டியது, "என் வீட்டுக்குத் திரும்புகிறேன், அம்மாவின் அறுவை சிகிச்சைக்காக ஊருக்குப் போயிருந்தேன்." அது உண்மையாகவும் இருக்க வேண்டும். உண்மையிலேயே இரண்டு மாதம்தான் இருப்பீர்கள் என்றால், உங்களுக்குத் தேவை கிரீன் கார்டு அல்ல, பி-2 என்ற சுற்றுலா விசா என்பது எங்கள் கருத்து. பிள்ளைகளுக்கு இது பிடிக்காது.

பதில் திருப்தி தராவிட்டால் உள்ளே இன்னொரு அறையில் உட்கார வைப்பார்கள். அங்கே வழக்கறிஞரைக் கூட வைத்துக்கொள்ளும் உரிமை இல்லை. சில நேரம் ஐ-407 என்ற படிவம் மேஜைக்கு வரும். கார்டை நானே விருப்பத்துடன் ஒப்படைக்கிறேன் என்பதுதான் அதன் பொருள். பதினெட்டு, இருபது மணி நேரப் பயணத்துக்குப் பிறகு, கண்ணாடியும் கைப்பையில் மாட்டிக்கொண்டிருக்க, "நுழைவுப் படிவம் போல" என்று நினைத்துக் கையெழுத்துப் போடுகிறவர்கள் உண்டு. போட வேண்டிய கட்டாயம் கிடையாது. "கையெழுத்திட விருப்பமில்லை, குடிவரவு நீதிபதி முன் விசாரணை வேண்டும்" என்று சொல்லலாம். அதிகாரி தானே கார்டைப் பறித்துத் தகுதியை முடித்துவிட முடியாது. நீதிமன்ற நோட்டீஸ் தரலாம், கார்டை வாங்கி வைத்துக்கொண்டு மாற்றுச் சான்று தரலாம். கைவிட்டீர்கள் என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசுடையது. நீதிபதியின் இறுதி உத்தரவு வரை நீங்கள் நிரந்தரக் குடியிருப்பாளர்தான். பயணம் போய்த் திரும்பும் நிரந்தரக் குடியிருப்பாளருக்கு முறையான விசாரணை உரிமை உண்டு என்று 1982-இல் லாண்டன் எதிர் பிளசென்சியா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

ஒரு வருடத்துக்கு மேல் இங்கே தங்க வேண்டிவரும் என்று தெரிந்தால், கிளம்பும் முன் ஐ-131 படிவத்தில் ரீ-என்ட்ரி பர்மிட், அதாவது மறுநுழைவு அனுமதி, கேளுங்கள். பொதுவாக 2 வருடம் செல்லும், நீட்டிக்க முடியாது. விண்ணப்பிக்கும்போது நீங்கள் அமெரிக்க மண்ணில் இருக்க வேண்டும். இதில் தவறுவது பெரும்பாலும் கைரேகையில்தான்: விண்ணப்பம் போட்ட வாரமே பெங்களூர் டிக்கெட்டை எடுத்துவிடுகிறார்கள். கைரேகைக்கு அழைப்பு அதற்குப் பிறகு வருகிறது, ஆள் இல்லை, விண்ணப்பம் தள்ளுபடி. கைரேகை கொடுத்த பிறகு கிளம்பலாம்; பர்மிட்டை வெளிநாட்டிலுள்ள அமெரிக்கத் தூதரகத்துக்கு அனுப்பச் சொல்லியும் கேட்கலாம்.

பர்மிட் இல்லாமல் வருடம் தாண்டியவர்களுக்கு திரும்பிவரும் குடியிருப்பாளருக்கான எஸ்பி-1 விசா ஒரு வழி. தாமதம் உங்கள் கைமீறியது என்று காட்ட வேண்டும். ஐசியு டிஸ்சார்ஜ் சம்மரி எடுபடும். மனை விற்க காத்தா (நகராட்சிச் சொத்துப் பதிவு) மாற்றம் இழுத்தது என்ற கதை அவ்வளவாக எடுபடாது. கார்டு இங்கே தொலைந்தால் காவல் துறைப் புகார் ரசீதுடன், கார்டு இல்லாமல் விமானம் ஏற அனுமதி கேட்கும் ஐ-131ஏ விண்ணப்பம். கட்டணத்தை இணையத்தில் கட்டிவிட்டு, அதை ஏற்கும் துணைத் தூதரகத்துக்கு நேரில் போக வேண்டும்.

கைப்பையில் என்ன இருக்கலாம்? பிள்ளை வீட்டில் வாழ்பவர் பெயரில் வாடகைப் பத்திரம் இராது. அதனால் அந்த முகவரியிட்ட அமெரிக்க மாநில அடையாள அட்டை, வங்கிக் கணக்கு அறிக்கை, அங்குள்ள மருத்துவரின் ரசீது. வருமான வரிக் கணக்கும் முக்கியம்; நான்-ரெசிடென்ட், அதாவது அங்கே குடியிராதவர், என்று 1040-என்ஆர் வரிப் படிவம் தாக்கல் செய்தால் அதுவே உங்களுக்கு எதிரான சாட்சி. கன்னடத்தில் உள்ள ஆவணத்துக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும்.

சக்கர நாற்காலி கேட்டுப் போகிறவர்களுக்கு ஒன்று. நாற்காலி தள்ளுபவர் உதவி செய்யும் எண்ணத்தில் தானே பதில் சொல்லத் தொடங்குவார். அவர் உங்கள் மொழிபெயர்ப்பாளர் அல்ல. "எனக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்" என்பதை ஆங்கிலத்தில் ஒரு துண்டுச்சீட்டில் எழுதி, கார்டோடு சேர்த்துப் பாஸ்போர்ட் உறையிலேயே வையுங்கள்.