வீட்டின் வயதைக் கேட்பதற்கு முன்

பெங்களூர் அல்சூர் பஜார் தெருவுக்குப் பின்னால் ஒரு குறுகலான சந்து. அங்கே ஓட்டு வீடு ஒன்றின் திண்ணையில் உட்கார்ந்து பழைய கட்டடங்களுக்கான சர்வே படிவம் நிரப்பிக்கொண்டிருந்தேன். மழைக்காலத்துக்கு முன்னால் கூரையைச் சரிசெய்ய மங்களூர் ஓடுகளை இறக்கி அடுக்கியிருந்தார்கள். ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கம் 1865 என்று அச்சு. கொஞ்சமும் யோசிக்காமல் ‘கட்டிய ஆண்டு’ கட்டத்தில் 1865 என்று எழுதினேன்.

முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த ஆயா, “என்ன வருஷம் போட்டே கண்ணு?” என்றார். சொன்னேன்.

“அது எப்படி? இந்த வீடு பிளேக்குக்கு அப்புறம் கட்டினது. எங்க மாமனார் பிளேக் கொட்டாயிலதான் பொறந்தாரு. ஊருக்குள்ள திரும்பி வந்த பிறகுதான் கடைக்கால் எடுத்தாங்க.”

பெங்களூரில் பிளேக் பரவியது 1898-இல். மக்கள் ஊருக்கு வெளியே கொட்டகை போட்டுத் தங்கினார்கள். 1865 என்பது மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு. அதைத்தான் ஓட்டில் அச்சாகப் போட்டிருந்தார்கள். ஆயா மட்டும் அங்கே உட்கார்ந்திருக்காவிட்டால் முப்பது வருடத்துக்கும் மேலான பிழை அப்படியே பதிவாகியிருக்கும். அடுத்து வருபவர் அதை எடுத்து எழுதுவார், அதற்கடுத்தவர் அதையே ஆதாரம் என்பார்.

பழைய கட்டடங்களைக் கணக்கெடுப்பதும் பழுது பார்ப்பதும் என் தொழில். சக ஆர்க்கிடெக்ட்டுகளுக்கு நிறைய எழுதியிருக்கிறேன். இதை எழுதுவது அல்சூர், சிவாஜிநகர், காக்ஸ் டவுன், மர்ஃபி டவுன் பக்கம் பழைய வீடுகளில் குடியிருக்கும் நம் மக்களுக்காக. நாளைக்கு உங்கள் வாசலிலும் யாராவது படிவத்தோடு வந்து நிற்கலாம்.

பழைய கட்டடம் என்றால் அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்று பலர் நம்புகிறார்கள். மத்திய அரசின் 1958-ஆம் ஆண்டுத் தொல்லியல் சட்டம், தேசிய முக்கியத்துவம் உள்ளவை என்று அறிவிக்கப்பட்ட சின்னங்களுக்கானது. குறைந்தது 100 வருடப் பழமை வேண்டும். 2010-இல் வந்த திருத்தப்படி அவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்ட முடியாது, அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் கட்டலாம். கர்நாடகத்துக்கு 1961-இல் தனிச் சட்டம் வந்தது. கோட்டையும் அரண்மனையும் கல்வெட்டுள்ள கோயிலும் இவற்றில் அடங்கும். உங்கள் தாத்தா கட்டிய திண்ணை வீடு அடங்காது. மரபுக் கட்டடங்களைப் பாதுகாக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு 2004-இல் ஒரு சாசனம் வெளியிட்டது. அது முழுக்க முழுக்கச் சட்டப் பாதுகாப்பு கிடைக்காத கட்டடங்களைப் பற்றியது. நாட்டில் பெரும்பாலான பழைய கட்டடங்கள் அந்த நிலையில்தான் இருக்கின்றன.

மும்பை இதில் முந்திக்கொண்டது. 1995-இலேயே அங்கே நகர அளவில் மரபுக் கட்டட விதிகள் வந்துவிட்டன. கட்டடங்களை மூன்று தரமாகப் பிரித்து, எதில் எவ்வளவு மாற்றலாம் என்று வரையறுத்தார்கள். முதல் தரத்தில் கை வைப்பது கடினம், மூன்றாம் தரத்தில் நிறைய இடம் கொடுப்பார்கள். பட்டியல் இருந்ததால்தான் விதி போட முடிந்தது. பெங்களூரில் தெருத் தெருவாக நாம் எடுப்பது அந்தப் பட்டியலைத்தான்.

தண்டுப் பகுதியில், அதாவது கன்டோன்மென்ட்டில், இந்த வேலை இன்னும் சிக்கல். 1809-இல் ஆங்கிலேயர் இங்கே ராணுவத் தண்டு அமைத்தபோது, மதராஸ் படையோடு ஆற்காட்டுப் பக்கத்திலிருந்தும் மற்ற தமிழ் ஊர்களிலிருந்தும் காண்டிராக்டர்கள், கொத்தனார்கள், வியாபாரிகள், கூலி ஆட்கள் வந்தார்கள். 1881-இல் மைசூர் ராஜ்யம் உடையாருக்குத் திரும்பிக் கிடைத்த பிறகும் தண்டு ஆங்கிலேயர் கையிலேயே இருந்தது. பழைய ஊரான பேட்டைக்கு ஒரு நகராட்சி, தண்டுக்கு ஒரு நகராட்சி. இரண்டும் ஒரே கார்ப்பரேஷனானது 1949-இல்தான். அதனால் பழைய பதிவுகளும் பிரிந்து கிடக்கின்றன. ஒரே வீட்டுக்கு மூன்று கதவு எண்களைப் பார்த்திருக்கிறேன். அந்த மூன்றும் ஒரே வீடுதான் என்று சொல்ல அந்தத் தெருக்காரர்தான் வேண்டும்.

சரி, தெருக்காரர் ஏன் சொல்ல வேண்டும்? இந்தக் கேள்வியை நான் ரொம்ப நாள் கேட்டுக்கொள்ளவே இல்லை. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கணக்கெடுப்பில் இருந்தேன். ஒரு நாளைக்கு இத்தனை கட்டடம் என்று கணக்கு. தெருவில் நின்றே படம் எடுப்போம், எழுதுவோம், அடுத்த வீட்டுக்கு நகர்வோம். ஒரு வீட்டு முகப்பில் அருமையான மங்கி டாப் இருந்தது. ஜன்னலுக்கும் போர்டிகோவுக்கும் மேலே கூம்பாக, மரப் பட்டைகளை அடுக்கிச் செய்வார்களே, பெங்களூர் பங்களாக்களின் அடையாளமே அதுதான். ‘ஹெரிடேஜ் லிஸ்ட்டில் ஏற்றினால் வீட்டை விற்க முடியாது’ என்று யாரோ சொல்ல, அந்தக் குடும்பம் பயந்து ஒரே வாரத்தில் மங்கி டாப்பைக் கழற்றிவிட்டது. எங்கள் கேமராதான் அதற்குக் காரணம். அது இன்றும் எனக்கு வலிக்கிறது.

அதிலிருந்து வாசலில் முதலில் சொல்வது இதைத்தான்: பதிவு செய்வதால் வீடு உங்களிடமிருந்து போகாது. பத்திரம், காத்தா (நகராட்சியின் சொத்துப் பதிவு) எதுவும் மாறாது. பிற்காலத்தில் அரசு முறைப்படி அறிவித்தால் இடிக்கவோ முகப்பை மாற்றவோ அனுமதி கேட்க வேண்டி வரலாம், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பாதியை மறைத்து வாங்கும் சம்மதம் எனக்கு வேண்டாம். “எங்க பங்காளிகளைக் கேட்டுச் சொல்றேன்” என்றால் காத்திருப்பேன். ஒன்பது வாரிசு இருக்கும் வீட்டில் ஒருவர் மட்டும் தலையாட்டினால் போதாது.

அப்புறம், கேட்கும் விதம். ‘இந்த வீட்டுக்கு எத்தனை வயசு?’ என்று கேட்டால் எல்லோரும் நூறு வருஷம் என்பார்கள். அதற்குப் பதிலாக, இந்த வீட்டில் முதலில் யாருக்குக் கல்யாணம் நடந்தது, கரண்ட் வந்தது யாருக்கு நினைவிருக்கிறது, உலகப் போர் சமயத்தில் மிலிட்டரிக்காரர் யாராவது குடியிருந்தார்களா என்று கேட்பேன். பெங்களூர் தெருவில் மின்விளக்கு எரிந்தது 1905-இல். ‘விளக்கு மாடம் வைத்துக் கட்டின சுவர்’ என்று ஒருவர் சொன்னால், அதை வைத்து மேலே தேடலாம். வாடகைக்கு இருப்பவரையும் கேட்க வேண்டும். எந்தச் சுவர் எப்போது ஊறுகிறது என்று சொந்தக்காரரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

சோமேஸ்வரர் கோயில் பக்கம் ஒரு மூலை வீடு. பெரிய அழகு ஒன்றும் கிடையாது. ஆனால் முனைச் சுவர் நேராக முடியாமல், ஆள் உயரத்துக்குச் சாய்வாகச் செதுக்கிய மாதிரி இருந்தது. வண்டி இடித்து உடைந்ததைப் பூசியிருக்கிறார்கள் என்று நினைத்தோம். எதிரே டீக்கடை வைத்திருந்த அண்ணன் சிரித்தார். “பூப்பல்லக்கு திரும்பணும் இல்ல சார்? அதுக்காக வெட்டி விட்டது.” சித்திரையில் அல்சூர் பூப்பல்லக்கு பார்த்தவர்களுக்குத் தெரியும், எவ்வளவு பெரிய பல்லக்குகள் எவ்வளவு சின்னத் தெருக்களில் திரும்புகின்றன என்று. சாமி திரும்புவதற்காகத் தன் சுவரை விட்டுக்கொடுத்த வீடு அது. அழகுக்கு மதிப்பெண் போடும் படிவத்தில் அது தேறியிருக்காது. தெருவில் யாரைக் கேட்டாலும் முதலில் சொன்னது அந்த வீட்டைத்தான். இரண்டாவதாகச் சொன்னது அரசமரத்தடி நாகர் கட்டையை, நாகக் கல் வைத்த மேடையை. அவர்கள் சொன்ன வரிசைதான் சரி என்று இப்போது உறுதியாக நம்புகிறேன்.

சர்வேக்குப் போகும் இடத்திலெல்லாம் கெஞ்சிக் கேட்பது ஒன்று உண்டு: சுண்ணாம்புக் காரைச் சுவருக்கு மேல் சிமென்ட் பூசாதீர்கள். சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஏறும் ஈரத்தை வெளியே விட்டுவிடும். மேலே சிமென்ட் வந்தால் ஈரம் உள்ளேயே தங்கும், உப்புப் பூக்கும், செங்கல் உதிரும். ‘பழைய சுவர், அதான் ஊறுது’ என்று இடிக்கச் சொல்வார்கள். பல நேரம் சுவரில் குற்றம் இருக்காது, பூச்சில்தான் இருக்கும். மர உத்திரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரையும் அப்படித்தான். மேலே தட்டோட்டின் இடுக்கை வருடா வருடம் பார்த்து அடைத்தால், கீழே உத்திரம் பல காலம் நிற்கும்.

உங்கள் வீட்டுக்குச் சர்வே வந்தால் அடையாள அட்டையைக் கேளுங்கள். நிரப்பிய படிவத்தின் நகல் தருவார்களா என்று கேளுங்கள். வெளிமுகப்பைப் படம் எடுக்கட்டும். பூஜை அறையையும் செதுக்கு வேலைக் கதவையும் தூணையும் பொதுவில் போட விடாதீர்கள், பழைய மரச் சாமான் வாங்குகிறவர்கள் முகவரி தேடி வந்து நிற்பார்கள். சர்வே வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். பழைய கிரயப் பத்திரத்தையும் திண்ணையில் எடுத்த கல்யாணப் போட்டோவையும் போனில் படம் எடுத்து வையுங்கள். வீட்டில் பெரியவர்கள் பேசுவதைப் பதிவு செய்யுங்கள், தமிழோ கன்னடமோ உருதுவோ, அவர்கள் பேசும் மொழியிலேயே.

நாங்கள் இப்போது ஒவ்வொரு தெருவிலும் படிவங்களை ஞாயிற்றுக்கிழமை உரக்கப் படித்துக் காட்டுகிறோம். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதுகிறோம். ஆயா வீட்டுப் படிவத்தில் ‘1898 பிளேக்குக்குப் பின், குடும்பத்தார் சொன்னது’ என்று திருத்திக்கொண்டு போயிருந்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் கேட்டார்: “கட்டினவர் பேரு போடலையே?”

அட்டாரா கச்சேரியைக் கட்டிக் கொடுத்த காண்டிராக்டர் ஆற்காடு நாராயணசாமி முதலியார் என்று எல்லாப் பட்டியலிலும் இருக்கிறது. 1868-இல் முடிந்த கட்டடம், இன்று கர்நாடக உயர்நீதிமன்றம். 1980களில் அதை இடிக்கும் யோசனை வந்தபோது மக்கள் அதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள், கட்டடம் இன்றும் நிற்கிறது. ஓட்டு வீட்டுக்கு அப்படி ஒரு கட்டமே எங்கள் படிவத்தில் இல்லை.

“பேரு தெரியாது கண்ணு. வாலாஜாபேட்டைக் கொத்தனாருன்னு மாமியார் சொல்வாங்க. கடுக்காயும் வெல்லமும் ஊறவெச்சு அவரே காரை அரைச்சாராம்.”

ஓரத்தில் எழுதிவிட்டுக் கையெழுத்துக்கு நீட்டினேன். ஆயா கண்ணாடியைத் தேடி உள்ளே போனார்.