கொன்றை மரமும் கொலைச் சொல்லும்: மட்டுறுத்தலுக்குள் இருக்கும் கணக்கு

சரக்கொன்றை இலையுதிர்த்த நிலையில் பூப்பது ஏன் என்று இணையத்தில் நடந்த ஒரு தாவரவியல் உரையாடலில் தாம் எழுதிய விளக்கம் மட்டுறுத்தலில், அதாவது பதிவுகளைச் சரிபார்த்து அனுமதிக்கும் பணியில், இரண்டு நாள் நிறுத்திவைக்கப்பட்டதாகவும், "வன்முறைச் சொல் உள்ளது" என்பதைத் தவிர வேறு காரணம் சொல்லப்படவில்லை என்றும் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். மரத்தைப் பற்றிய பதிவில் வன்முறை எங்கிருந்து வந்தது என்பது அவருடைய முதல் கேள்வி. இவ்வளவு முன்னேறிய பிறகும் கணினியால் இதைக்கூடப் பிரித்தறிய முடியாதா என்பது இரண்டாவது.

முதல் கேள்விக்கு விடை எளிது. கணினி சொல்லைப் படிப்பதில்லை. குறியீட்டு எண்களின் வரிசையை ஒப்பிடுகிறது. "கொன்ற" என்பதில் ககரம், ஒகரக் குறி, னகரம், புள்ளி, றகரம் என ஐந்து குறியீடுகள் உள்ளன. "கொன்றை" என்பதிலும் அதே ஐந்தும் அதே வரிசையில் வந்து, கடைசியில் ஓர் ஐகாரக் குறி மட்டும் கூடுகிறது. தடைப்பட்டியலில் "கொன்ற" இருந்தால் கொன்றை சிக்கும். "கொல்" இருந்தால் கொல்லனும் கொல்லைப்புறமும் சிக்கும். ஆனால் லகரத்தின் மேல் புள்ளி இல்லாத "கொலை" அதே வலையில் தப்பிவிடும். ஆங்கிலத்திலும் இந்தச் சிக்கல் பழையது. 1996-இல் இணையச் சேவை வழங்கிய ஏஓஎல் நிறுவனத்தின் வடிகட்டி, ஸ்கந்தார்ப் என்ற இங்கிலாந்து நகரத்தின் பெயருக்குள் ஒரு வசைச்சொல்லின் எழுத்துகள் அடங்கியிருந்ததால், அந்த ஊர்க்காரர்களைக் கணக்குத் தொடங்க விடாமல் தடுத்தது.

தமிழில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. எழுத்துகளுக்குக் குறியீட்டு எண் தரும் பொதுமுறையான யுனிகோடில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாக அடுத்தடுத்து வைத்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும் என்றாலும் கணினிக்கு அவை வெவ்வேறு வரிசைகள். ஆகவே எல்லாப் பதிவுகளையும் முதலில் ஒரே வடிவத்துக்கு இயல்பாக்கிய பின்பே தேடலைத் தொடங்க வேண்டும். இதைச் செய்யத் தவறும் வடிகட்டிக்கு, தெரிந்தே வடிவத்தை மாற்றித் தட்டச்சு செய்பவர்கள் என்றும் அகப்பட மாட்டார்கள்.

பட்டியல் போதாது என்பதைக் குப்பை அஞ்சல்கள்தாம் உலகுக்கு உணர்த்தின. 1978 மே 3 அன்று, இணையத்தின் முன்னோடி வலையமைப்பான ஆர்ப்பாநெட்டில் சுமார் 400 பேருக்குக் கணினி விளம்பரம் ஒன்று கேட்காமலேயே அனுப்பப்பட்டதை இதன் தொடக்கமாகச் சொல்வார்கள். 1990-களின் இறுதியில் வெள்ளம் தலைக்குமேல் போனபோது, 1998-இல் சில ஆய்வாளர்களும், 2002-இல் நிரலாளர் பால் கிரகாம் எழுதிப் பரவலாகப் படிக்கப்பட்ட ஒரு கட்டுரையும், 18-ஆம் நூற்றாண்டுக் கணிதம் ஒன்றை இதற்குப் பயன்படுத்த முடியும் என்று காட்டின. தாமஸ் பேய்ஸ் என்ற பாதிரியார் 1761-இல் இறந்த பிறகு, அவருடைய தாள்களிலிருந்து நண்பர் ரிச்சர்ட் பிரைஸ் எடுத்து அளித்து, 1763-இல் அச்சேறிய தேற்றம் அது. பள்ளிப் புத்தகத்தில் பெட்டிக்குள் வரும் சூத்திரமாக அதைப் பலர் பார்த்திருப்பார்கள். உரையாடலைக் காக்கும் வேலையில் அது இயங்குவதைப் பார்த்தால் அதன் அழகே வேறு.

ஓர் உரையாடலில் வரும் நூறு பதிவுகளில் ஒன்று குப்பை என்று வைத்துக்கொள்வோம். புதிதாக ஒரு பதிவு வருகிறது. அதைத் திறக்கும் முன்பே நம் கையில் ஒரு மதிப்பீடு இருக்கிறது. அது குப்பையாக இருப்பதற்கும் நல்லதாக இருப்பதற்கும் உள்ள விகிதம் 1-க்கு 99. இப்போது முதல் சொல்லைப் பார்க்கிறோம்: "இலவசம்". பழைய பதிவுகளை எண்ணிப் பார்த்ததில் குப்பைகளில் நூற்றுக்கு 30-இலும், நல்லவற்றில் நூற்றுக்கு 1-இலும் அந்தச் சொல் வந்திருக்கிறது என்றால், குப்பைப் பக்கம் அதன் எடை 30 மடங்கு. விகிதம் 30-க்கு 99 ஆகிறது. அடுத்து "சொடுக்குங்கள்" வருகிறது. குப்பைகளில் நூற்றுக்கு 20, நல்லவற்றில் 2, ஆகவே 10 மடங்கு. விகிதம் 300-க்கு 99, அதாவது ஏறத்தாழ 75 விழுக்காடு ஐயம். இந்த இடத்தில் பட்டியல் வடிகட்டி எப்போதோ கதவைச் சாத்தியிருக்கும். பேய்ஸ் கணக்கு மேலும் படிக்கிறது. மூன்றாவதாக "மகரந்தம்" என்ற சொல் வருகிறது. குப்பைகளில் ஆயிரத்துக்கு 1, தாவரவியல் பேசும் நல்ல பதிவுகளில் ஆயிரத்துக்கு 20. விகிதத்தை 20-ஆல் வகுக்க வேண்டும்: 15-க்கு 99. ஐயம் 13 விழுக்காட்டுக்கு இறங்கிவிடுகிறது. மகரந்தச் சேர்க்கை பற்றிய இலவசப் பாடநூலுக்கு இணைப்புக் கொடுத்த ஒரு மாணவியின் பதிவாக அது இருக்கலாம்.

எந்தச் சொல்லையும் இந்தக் கணக்கு குற்றவாளி என்று முன்கூட்டியே முத்திரை குத்துவதில்லை. ஒவ்வொன்றும் சாட்சி சொல்கிறது, சாட்சிகளின் எடைகள் பெருக்கப்படுகின்றன. இந்த நேர்மை என்னை இன்றும் வியக்கவைக்கிறது. நடைமுறையில் நூற்றுக்கணக்கான சிறு பின்னங்களைப் பெருக்கினால் விடை கணினியால் தாங்க முடியாத அளவுக்குச் சிறுத்துச் சுழியாகிவிடும் என்பதால், அவற்றின் மடக்கைகளைக் கூட்டுவார்கள். பெருக்கல் கூட்டலாகிவிடும், பள்ளியில் மடக்கை அட்டவணையைப் புரட்டியவர்களுக்கு இது பழகிய வித்தை. முன்பு ஒருமுறையும் வராத சொல் வந்தால் என்ன செய்வது? எண்ணிக்கை சுழி, சுழியால் பெருக்கினால் மற்ற எல்லாச் சாட்சியும் அழிந்துவிடும். நாளையும் சூரியன் உதிக்கும் என்பதற்கு எவ்வளவு உறுதி என்று ஆராய்ந்த பிரெஞ்சுக் கணிதர் லாப்லாஸின் வழி இங்கே கைகொடுக்கிறது: எல்லா எண்ணிக்கையோடும் ஒன்றைக் கூட்டிவைத்துவிட்டால், பார்க்காத ஒன்று சிறிதளவு நிகழக்கூடியதாகவே இருக்கும், முற்றிலும் நிகழாததாக ஆகிவிடாது.

இதில் ஒரு பொய்யான எடுகோளும் உண்டு. சொற்கள் ஒன்றையொன்று சாராமல் வருகின்றன என்று இந்தக் கணக்கு நம்புகிறது. உண்மையில் "இலவசம்" வந்த இடத்தில் "சொடுக்குங்கள்" வருவது வழக்கம். ஒரே சாட்சியை இருமுறை எண்ணுவதால் கிடைக்கும் விழுக்காடு மிகையாக இருக்கும். ஆனால் எந்தப் பதிவு எதைவிட ஐயத்துக்குரியது என்ற வரிசை பெரும்பாலும் குலைவதில்லை, நமக்கு வேண்டியதும் அந்த வரிசைதான். பிறகு ஏய்ப்பவர்கள் இதையும் கண்டுகொண்டு, விளம்பரத்தின் அடியில் தொடர்பில்லாத உரைநடைப் பகுதிகளை ஒட்டி நல்ல சாட்சிகளைக் கடன் வாங்கத் தொடங்கினார்கள். அந்தப் போட்டி இன்னும் ஓயவில்லை.

வாசகரின் இரண்டாவது கேள்விக்கு இனி வரலாம். 95 விழுக்காடு சரியாகத் தீர்ப்பளிக்கும் ஒரு வடிகட்டி இருக்கிறது என்று கொள்வோம். 10,000 பதிவுகளில் 100 கெட்டவை. அவற்றில் 95-ஐப் பிடித்துவிடும். மீதமுள்ள 9,900 நல்ல பதிவுகளில் 5 விழுக்காட்டை, அதாவது 495-ஐ, தவறுதலாகப் பிடிக்கும். ஆக நிறுத்திவைக்கப்பட்டவை 590. அவற்றில் உண்மையில் கெட்டவை 95 மட்டுமே. நிறுத்தப்பட்ட ஆறு பேரில் ஏறத்தாழ ஐந்து பேர் ஒரு தவறும் செய்யாதவர்கள். வடிகட்டி பழுதுபடவில்லை, கெட்டவை அரிதாக இருப்பதே இதற்குக் காரணம். ஆங்கில விக்கிப்பீடியாவில் 2010 முதல் நாசவேலைத் திருத்தங்களை நீக்கிவரும் குளூபாட் என்ஜி என்ற நிரலை அமைத்தவர்கள் இதைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள். நல்ல திருத்தங்களில் எத்தனை பங்கு தவறாக நீக்கப்படுவதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று முதலில் முடிவு செய்து, அதற்கேற்ற வரம்பைப் பிறகு கணக்கிட்டார்கள். அந்த வரம்புக்குக் கீழே உள்ளவற்றைப் பார்க்கும் பொறுப்பு மனிதர்களுடையது.

மட்டுறுத்துநரின் வேலை அங்கேதான் கனக்கிறது. தன்னை ஒருவர் வசைபாடியதை அப்படியே மேற்கோள் காட்டி முறையிடுபவரின் பதிவிலும், வசைபாடியவரின் பதிவிலும் சொற்கள் ஒன்றே. சொல் எண்ணும் கணக்குக்கு இந்த வேறுபாடு தெரியாது. மனிதர்களின் தீர்ப்பிலிருந்தே இயந்திரம் கற்பதால் அவர்களுடைய சாய்வும் அதற்குள் இறங்கிவிடுகிறது: ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் ஆங்கில வழக்கில் எழுதப்பட்ட ட்வீட்களை, வசை கண்டறியும் கணினி மாதிரிகள் இழிவானவை என்று முத்திரையிடும் வாய்ப்பு இரு மடங்கு வரை அதிகம் என்று 2019-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இயந்திரம் நடுநிலையானது, அது சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற எண்ணத்தை நான் மூடநம்பிக்கை என்றே சொல்வேன். எண்களாலான குறி கேட்பதும் குறி கேட்பதுதான்.

நீக்குவதற்கு முன்பே செய்யக்கூடியவையும் உண்டு. ரெடிட் என்ற இணைய உரையாடல் தளத்தில் நடந்த 2,190 அறிவியல் உரையாடல்களில் ஆய்வாளர் நேதன் மத்தியாஸ் நடத்தி 2019-இல் வெளியிட்ட சோதனையில், விதிகளை உரையாடலின் உச்சியிலேயே காட்டியபோது புதியவர்கள் அவற்றைக் கடைப்பிடிப்பது 8 விழுக்காட்டுப் புள்ளிகளுக்கு மேல் கூடியது. விதியைக் கண்டு ஒதுங்காமல் புதியவர்களின் பங்கேற்பும் சராசரியாக 70 விழுக்காடு உயர்ந்தது. 2017-இல் வெளியான இன்னோர் ஆய்வில், நல்ல மனநிலையில் நாகரிகமான பதிவுகளைக் கண்டவர்களில் 35 விழுக்காட்டினர் சீண்டும் விதமாக எழுதினார்கள். எரிச்சலோடு வந்து, முதலிலேயே சீண்டல்களைக் கண்டவர்களில் அது 68 விழுக்காடு. உரையாடலின் தொடக்கத்தில் வரும் சில பதிவுகளை விரைந்து கவனிப்பதற்கு இவ்வளவு பலன் இருக்கிறது.

இவை எதற்கும் அடித்தளம், மனிதர்கள் படித்துத் தரம் பிரித்த பதிவுகளின் தொகுப்புதான். ஒரே பதிவை இருவராவது ஒருவர் முடிவை மற்றவர் அறியாமல் தரம் பிரிக்க வேண்டும். இருவரும் ஒத்துப்போவது தற்செயலைவிட எவ்வளவு மிகுதி என்பதை அளக்க வேண்டும். தமிழும் ஆங்கிலமும் கலந்து எழுதப்பட்ட 15,000-க்கும் மேற்பட்ட யூடியூப் பதிவுகளை இப்படித் தரம் பிரித்து ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்டது நல்ல தொடக்கம். ஒட்டிக்கொண்டே போகும் விகுதிகளும் ரோமன் எழுத்துத் தமிழும் உள்ள மொழிக்கு அது போன்று பல மடங்கு வேண்டும். பெரிய மாதிரிகளை உருவாக்குவதற்குக் கிடைக்கும் நிதியில் சிறு பங்காவது, கவர்ச்சியில்லாத இந்தத் தரம் பிரிக்கும் வேலைக்கும், அதைச் செய்பவர்களுக்கு முறையான ஊதியத்துக்கும் ஒதுக்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வாசகரின் பதிவை இரண்டு நாள் கழித்து ஒரு மட்டுறுத்துநர் படித்து விடுவித்திருக்கிறார். பட்டியலை மட்டும் நம்பும் அமைப்பாக இருந்தால், அடுத்த முறை கொன்றை பற்றி எழுதுபவரும் அதே இடத்தில் நிற்பார். எண்ணிக் கற்கும் அமைப்பாக இருந்தால், அந்த மட்டுறுத்துநர் "நல்லது" என்று குறித்த அந்தக் கணத்தில், நல்ல பதிவுகளின் பக்கம் "கொன்றை" என்ற சொல்லின் எண்ணிக்கையில் ஒன்று கூடியிருக்கும்.