கண்டாங்கிக்குப் பறக்காத நாரைகள்

மார்கழி விடியலில் கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்க் கரையில் நின்றிருந்தேன். காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் வழியாக மதுரைக்குப் போகும் சாலையை விட்டுச் சற்று உள்ளே வந்தால் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். 1977இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம். தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் நத்தைகுத்தி நாரைகளும் மஞ்சள்மூக்கு நாரைகளும் அரிவாள் மூக்கன்களும் கூட்டம் கூட்டமாக அடைந்திருந்தன. பறவைகள் மிரண்டுவிடக் கூடாது என்று தீபாவளிக்குக்கூடப் பட்டாசு வெடிக்காத ஊர் அது.

கரையின் மறுமுனையில் ஓர் இளைஞர். தொப்பியிலிருந்து காலணி வரை இலையும் குச்சியும் அச்சிட்ட மிலிட்டரி உடை. கையில் நீண்ட லென்ஸ் பொருத்திய கேமரா. குனிந்து நாலடி வைப்பார், நிற்பார், மறுபடி நாலடி வைப்பார். அவர் பாதித் தூரம் வருவதற்குள் நாரைகள் கழுத்தை நீட்டிவிட்டன. இன்னும் பத்தடி வந்ததும் நீர்க்காகங்கள் எழும்ப, அவற்றோடு அந்த மரமே காலியானது.

கால் மணி நேரத்தில் பறவைகள் திரும்பி வந்து அமர்ந்தன. அப்போது அதே கரையில் ஓர் அம்மா ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தார். அரக்குச் சிவப்பில் மஞ்சள் கட்டம் போட்ட கண்டாங்கி. நம் கண்ணுக்கு அரைக் கிலோமீட்டர் தள்ளியே பளிச்சென்று தெரியும். ஆடுகளை உரக்க அதட்டிக்கொண்டே, இளைஞர் நின்ற இடத்தைவிட நெருக்கமாகவே கடந்து போனார். ஒரு நாரைகூடத் தலையைத் திருப்பவில்லை.

வேட்டைக்குப் போகிறவர்களுக்கு உருமறைப்பு உடை உண்மையிலேயே உதவுகிறதா என்பது வெளிநாடுகளில் ஓயாமல் நடக்கும் விவாதம். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்துவிட்டது. சிவராத்திரிப் பாரிவேட்டைகூடச் சட்டப்படி குற்றம்தான்; அப்படியே இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் துப்பாக்கி இருந்த இடத்துக்கு இன்று கேமரா வந்திருக்கிறது. அந்த உடையும் கூடவே வந்துவிட்டது. ஆகவே கேள்வி நமக்கும் உரியதுதான்.

முதலில் கேட்க வேண்டியது, யாருடைய கண்ணிலிருந்து மறைய வேண்டும் என்பது.

நம் விழித்திரையில் நிறம் அறியும் கூம்பு செல்கள் மூன்று வகை. மான், மாடு, ஆடு ஆகியவற்றுக்கு இரண்டே வகை. ஒன்று நீலப் பக்கம், 450 நானோமீட்டரை ஒட்டிய ஒளியை நன்றாக உணரும். மற்றொன்று பச்சை, மஞ்சள் பக்கம். சிவப்பைத் தனியே பிரித்துக் காட்டும் மூன்றாவது வகை அவற்றுக்கு இல்லை. செம்மஞ்சளும் சிவப்பும் பச்சையும் அவற்றுக்கு ஏறத்தாழ ஒரே சாயலில்தான் தெரியும்; வேறுபாடு அடர்த்தியில் மட்டுமே. சிராவயல் மஞ்சுவிரட்டில் சிவப்புத் துண்டைக் கண்டுதான் காளை சீறுகிறது என்று சொல்பவர்கள் உண்டு. காளைக்கு அந்தத் துண்டு ஒரு மங்கலான பழுப்பு. அதைக் கிளப்புவது துண்டின் ஆட்டம்.

அமெரிக்காவின் பல மாநிலங்களில் மான் வேட்டைக்காரர்கள் கண்ணைப் பறிக்கும் செம்மஞ்சள் அங்கி அணிய வேண்டும் என்பது சட்டம். ஒருவரையொருவர் மான் என்று நினைத்துச் சுட்டுவிடக் கூடாது என்பதற்காக. மனிதனுக்கு எச்சரிக்கையாக எரியும் அந்த நிறம் மானுக்குக் காட்டின் பழுப்போடும் பச்சையோடும் கலந்துபோகிறது. மான் வேட்டைக்கு இலை அச்சு அவசியம் என்ற நம்பிக்கையை இந்த ஒரு சட்டமே அசைத்துவிடுகிறது.

இயற்கை இதே வித்தையை மனிதனுக்கு முன்பே செய்து வைத்திருக்கிறது, அதுவும் நம் நாட்டிலேயே. பச்சைக் காட்டில் பதுங்கி வாழும் புலி ஏன் செம்மஞ்சளாக இருக்கிறது? பாலூட்டிகளின் ரோமத்துக்கு நிறம் தரும் மெலனினில் இரண்டே வகைதான்: ஒன்று கறுப்பும் பழுப்பும் தரும், மற்றொன்று செம்மஞ்சள் சாயல் தரும். பச்சை உருவாக்கும் வழியே ரோமத்துக்குக் கிடையாது. அதற்குத் தேவையும் இல்லை. 2019இல் பிரிட்டனின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் படங்களை இருநிறப் பார்வைக்குத் தெரிவதுபோல மாற்றி மனிதர்களுக்குக் காட்டினார்கள். புலியின் செம்மஞ்சள் பச்சையோடு பச்சையாகக் கரைந்தது. சாதாரணப் பார்வையில் உடனே அகப்பட்டதைக் கண்டுபிடிக்கக் கூடுதல் நேரம் பிடித்தது. புள்ளிமானைப் பொறுத்தவரை புலி ஒரு பச்சை விலங்கு. இதைப் படித்த நாளில் எனக்கு உறக்கம் வரவில்லை.

இருநிறப் பார்வைக்காரர்களிடம் மாட்டிக்கொள்ளும் நிறம் நீலம். இங்கேதான் சலவைத்தூள் குறுக்கே வருகிறது. பளிச்சென்ற வெண்மைக்காகப் பல சலவைத்தூள்களில் ஒளிர்வூட்டிகள் சேர்க்கப்படுகின்றன. அவை கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை உறிஞ்சி நீல ஒளியாக வெளியிடும். துணிக்குப் போடும் நீலம் வேறு, இது வேறு. நீலம் வெறும் சாயம், இது தானே ஒளிரும் பொருள். என்னிடமிருந்த ஓர் உருமறைப்புச் சட்டையைக் காரைக்குடியில் ஒரு நகைக்கடையில், கள்ளநோட்டுப் பார்க்கும் விளக்கின் கீழே பிடித்துப் பார்த்தேன். இலையும் குச்சியும் மறைந்து, சட்டை முழுவதும் நீலமாக ஒளிர்ந்தது. நல்ல ரூபாய் நோட்டின் தாளில் ஒளிர்வூட்டி கிடையாது. சாதாரணத் தாளில் உண்டு. அதனால்தான் அந்த விளக்கு வேலை செய்கிறது. என் சட்டை அந்தச் சோதனையில் கள்ளநோட்டாக நின்றது. மானின் கண் நீலப் பக்கத்தில் கூர்மையானது. நம் கண்ணின் வில்லை தடுத்துவிடும் புற ஊதாவில் ஒரு பகுதியையும் மானின் வில்லை உள்ளே விடுகிறது. விடியலிலும் அந்தியிலும் வெளிச்சத்தில் நீலச் சாயல் மிகும். மான் மேய்வதும் அந்த நேரத்தில்தான். உவர்மண் போட்டு வெளுத்த பழைய பருத்திச் சட்டை இந்தக் குற்றத்தைச் செய்வதில்லை.

பறவைகளின் கதை வேறு. அவற்றுக்குக் கூம்பு செல்கள் நான்கு வகை. நம்முடைய மூன்றுக்கு மேல் ஊதாவையோ புற ஊதாவையோ உணரும் ஒன்று கூடுதல். பெரும்பாலான கூம்புகளில் வண்ணக் கண்ணாடி போல ஓர் எண்ணெய்த் துளி இருந்து நிறங்களை இன்னும் துல்லியமாகப் பிரிக்கிறது. மனிதக் கண்ணுக்கு ஒத்துப்போகும்படி கலந்த பச்சைச் சாயம் பறவைக்கு இலைப் பச்சையாகத் தெரியும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. இருந்தாலும் பறவை விஷயத்தில் உடைக்கு மதிப்பு உண்டு. மானுக்குச் செம்மஞ்சளோடு போகும் அதே அமெரிக்க வேட்டைக்காரர்கள், காட்டு வான்கோழிக்குப் போகும்போது முகம், கை உட்பட எல்லாவற்றையும் மூடிக்கொள்கிறார்கள். வாத்துக்குக் காத்திருப்பவரின் அண்ணாந்த முகம் மேலே பறக்கும் வாத்துக்கு ஒரு வெளிர்ப்புள்ளியாகத் தெரிந்துவிடும்.

அப்படியானால் எந்த மாதிரி அச்சு நல்லது? 2005இல் இன்னஸ் கத்தில் என்ற பிரிஸ்டல் விஞ்ஞானியும் குழுவினரும் அந்துப்பூச்சி போல முக்கோணத் தாள்கள் செய்து, ஒவ்வொன்றிலும் ஒரு புழுவை இரையாக வைத்து, ஓக் மரப்பட்டைகளில் குத்தி வைத்தார்கள். எல்லாத் தாள்களுக்கும் பட்டையின் நிறம்தான். ஆனால் சிலவற்றில் திட்டுகள் ஓரத்தை வெட்டிக்கொண்டு வெளியே ஓடின. சிலவற்றில் உள்ளேயே அடங்கின. ஓரம் வெட்டப்பட்ட தாள்களே பறவைகளிடமிருந்து அதிகம் தப்பின. கண் முதலில் தேடுவது நிறத்தை அல்ல, விளிம்பை. தலை, தோள், கை என்று விளிம்பு கூடினால் 'ஆள்' என்று முடிவு கட்டிவிடும். அந்தக் கோட்டை உடைப்பதுதான் திட்டுகளின் வேலை.

கடைகளில் தொங்கும் பல உடைகள் தவறுவது இங்கேதான். ஒவ்வொரு இலையும் நரம்போடு அச்சிட்டிருக்கும். கைக்கெட்டும் தூரத்தில் அழகு. ஆனால் நல்ல மனிதக் கண்ணே ஒரு சென்டிமீட்டர் அகலப் பொருளைச் சுமார் 35 மீட்டருக்கு அப்பால் பிரித்தறியத் திணறும். மானின் பார்வைக் கூர்மை நம்மைவிடக் குறைவு, ஆகவே அதற்கு இன்னும் அருகிலேயே அந்த நுணுக்கம் கலைந்துவிடும். நுணுக்கமான இலைகள் எல்லாம் குழைந்து ஒரே கரும்பச்சை ஆளுருவமாக ஆகிவிடும். உள்ளங்கை அகலத்துக்கு வெளிரும் கருமையுமாகப் பெரிய திட்டுகள் உள்ள துணி, பார்வைக்கு அவ்வளவு அழகில்லை என்றாலும், தூரத்தில் தன் வேலையைச் செய்யும். அடர் அரக்கும் வெளிர் மஞ்சளுமான அகலக் கட்டங்கள் கொண்ட பழைய கண்டாங்கி இந்தக் கணக்கில் பல விலையுயர்ந்த உடைகளைவிட மேல் என்றே நினைக்கிறேன். பருத்தி என்பதால் சரசரப்பும் இல்லை.

ஆனாலும் இவ்வளவையும் ஒரே அசைவு கெடுத்துவிடும். அசையாத பின்னணியில் ஒரு துண்டு மட்டும் நகர்ந்தால், அந்தத் துண்டின் விளிம்பு முழுவதையும் அசைவே வரைந்து காட்டிவிடுகிறது. எந்தத் திட்டாலும் அதை மறைக்க முடியாது. பறவைகளின் கண் இதில் நம்மைவிட வேகமானது. நொடிக்கு ஐம்பது அறுபது தடவைக்கு மேல் மினுங்கும் விளக்கு நமக்குத் தொடர்ந்த வெளிச்சமாகவே தெரியும். 2016இல் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகம் சோதித்த சிறு ஈப்பிடிப்பான்கள் 140 தடவைக்கு மேலும் பிரித்தறிந்தன. மானுக்கோ படுக்கைவாட்டக் கண்மணியும் பக்கவாட்டில் அமைந்த கண்களும் இருப்பதால், தலையைத் திருப்பாமலே தன்னைச் சுற்றிக் கிட்டத்தட்ட முழு வட்டத்தையும் கவனிக்கும். அதற்கு மேல் மூக்கு. வாடைக் காற்று முதுகுப்பக்கமிருந்து வீசினால், எந்த உடை போட்டாலும் மான் இருக்கும் திசைக்கு நம் செய்தி முன்னதாகவே போய்ச் சேர்ந்துவிடும்.

பழைய வேட்டுவர் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். பெரும்பாணாற்றுப்படை காட்டும் வேட்டுவர், நீர் குடிக்க வரும் காட்டுப்பன்றிக்காக நள்ளிரவில் குழிக்குள் ஒடுங்கிக் காத்திருக்கிறார்கள். மற்ற விலங்குகளை ஈர்த்துப் பிடிக்கப் பழக்கிய விலங்குக்குப் 'பார்வை' என்றே பெயர். குழியும் பார்வை மானும் இருக்கின்றன. உடையைப் பற்றி அங்கே பேச்சே இல்லை.

கரைக்குத் திரும்புவோம். ஆடு மேய்த்த அம்மாவிடம் கேட்டேன்: "உங்களைப் பார்த்து ஏன் அம்மா பறக்கவில்லை?" அவர் யோசிக்கவே இல்லை.

"அந்தத் தம்பி அதுகளையே பார்த்துக்கொண்டு போகிறார். நான் என் ஆட்டைப் பார்த்துக்கொண்டு போகிறேன்."

2008இல் பிரிஸ்டலில் (மறுபடியும் அதே ஊர்தான்) ஸ்டார்லிங் பறவைகளை வைத்து இதைச் சோதித்தார்கள். நம் மைனாவின் உறவு அது. தீனித் தட்டை நோக்கி மனிதர் பார்த்துக்கொண்டிருந்தால் பறவை வரத் தயங்கியது. தலை அங்கேயே இருந்து கண் மட்டும் வேறு பக்கம் திரும்பியிருந்தால் சீக்கிரம் வந்து அதிகம் தின்றது. பக்கவாட்டில் கடந்து போகிறவரைவிட நேராகத் தங்களை நோக்கி வருகிறவரிடமிருந்து பறவைகள் பெரும்பாலும் முன்னதாகவே விலகுகின்றன என்பதும் கள ஆய்வுகளில் தெரிந்ததுதான். நிலைகுத்திய பார்வை, நேர்வழி, நின்று நின்று வரும் நடை. இந்த மூன்றும் நரிக்கும் காட்டுப்பூனைக்கும் உரிய நடத்தை. இளைஞரின் உடை இலையாக இருந்தது, நடை பூனையாக இருந்தது. அம்மாவோ தினமும் வருகிறவர். அவரால் எந்தத் தீங்கும் வந்ததில்லை என்பதை நாரைகள் பழகித் தெரிந்துகொண்டுவிட்டன. சாலையோரம் நிற்கும் காரை நம்பும் பறவை, கதவு திறந்து ஆள் இறங்கியதும் பறப்பது இதே காரணத்தால்தான்.

அந்த எழும்பல் வெறும் படம் தவறிய கதை இல்லை. கூட்டில் முட்டை இருக்கும்போது நாரை எழுந்தால், முட்டைமேல் வெயில் அடிக்கும், காகம் இறங்கும்.

இளைஞரிடம் பேசினேன். கோபித்துக்கொள்ளாமல் கேட்டுக்கொண்டார். பறவைகளிடமிருந்து நன்றாகத் தள்ளி, கரையோர வேம்பின் நிழலில், முதுகை அடிமரத்தோடு சேர்த்து உட்காரச் சொன்னேன். பின்னால் வானம் இருந்தால் ஆளின் கோடு தெரியும். மரம் இருந்தால் கோடு மரத்தோடு போய்விடும். தொப்பியைச் சற்று இறக்கி, கேமராவைத் தொடைமேல் வைத்து, அரை மணி நேரம் நாரைகளைப் பார்க்காமல் தண்ணீரையே பார்க்கச் சொன்னேன்.

இருபது நிமிடம் இருக்கும். எங்களுக்குப் பத்தடி தள்ளி, சேற்றின் நிறத்திலேயே ஏதோ ஒன்று அசைந்தது. குருட்டுக் கொக்கு. நாங்கள் வருவதற்கு முன்பிருந்தே அங்கே நின்றிருக்கிறது. இரண்டு பேருமே பார்க்கவில்லை. பழுப்பு முதுகு, கோடு போட்ட கழுத்து, ஆடாத கால். கழுத்து ஒருமுறை வெட்டியது, அலகில் ஒரு தவளை. பிறகு அது இறக்கையை விரித்து எழுந்தபோது, அதுவரை மூடி வைத்திருந்த வெள்ளை முழுவதும் வெயிலில் பளிச்சிட்டது. அப்போதும் இளைஞர் கேமராவைத் தூக்கவில்லை.