தொட்டிக்கு நிதி வந்தது, பவுடருக்கு?

ஏற்காடு மலைக் கிராமங்களில் மேல்நிலைத் தொட்டி கட்டப் பணம் புரட்டுவது இப்போது அவ்வளவு சிரமமில்லை. வீட்டுக்கு வீடு குழாய்நீர் தர 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் ஒன்றிய அரசும் மாநில அரசும் பாதிப் பாதி போடுகின்றன. ஊருக்குள் ஆகும் செலவில் மக்கள் பங்கு மலைப்பகுதிக்கு 5 சதவீதம். அதை உடலுழைப்பாகவும் கொடுக்கலாம். கட்டிய தொட்டியில் தினமும் கிருமி கொல்லும் பிளீச்சிங் பவுடர் கலக்கும் செலவுதான் யார் கண்ணிலும் படுவதில்லை.

அதற்கும் பணம் ஒதுக்கப்பட்டது. 15-வது நிதிக்குழு 2021-22 முதல் 5 ஆண்டுகளுக்கு ஊராட்சிகளுக்கு ஒதுக்கிய மானியத்தில் 30 சதவீதத்தைக் குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சி தவிர வேறெதற்கும் எடுக்க முடியாது, குடிநீர்ப் பராமரிப்புக்கு எடுக்க இடமிருந்தது. ஆனால் மோட்டார் புகைந்தால் ஊரே கூடும். பவுடர் தீர்ந்தால் குழாயில் தண்ணீர் வந்துகொண்டுதானே இருக்கிறது!

1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது நடைமுறைக் கணக்கு. 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். இது 33 சதவீதக் குளோரின் உள்ள புதுப் பவுடருக்கு. வாய் திறந்த மூட்டை மலைக்குளிரில் ஈரம் இழுத்து 20 சதவீதத்துக்கு இறங்கிவிட்டால் அதே வேலைக்கு 200 கிராம் வேண்டும். மலிவென்று 25 கிலோ மூட்டை வாங்குவதைவிடச் சிறு பாக்கெட்டுகள் மேல்.

பவுடரை அப்படியே தொட்டியில் கொட்டக் கூடாது. பிளாஸ்டிக் வாளியில் கரைத்து அரைமணி நேரம் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் தொட்டி நிரம்பும்போதே ஊற்ற வேண்டும். அடியில் தங்கும் சுண்ணாம்பு வால்வை அடைக்கும். பிறகு 30 நிமிடம் கழித்தே குழாய்களுக்குத் திறந்துவிட வேண்டும். சோதனையைத் தொட்டியடியில் செய்து பயனில்லை, கடைசி வீட்டுக் குழாயில் செய்யுங்கள்: லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்க வேண்டும். மழை கழிந்து ஊற்றுநீர் கலங்கி வரும் நாட்களில் சேறும் இலைமக்கும் குளோரினைத் தின்றுவிடும். அப்போது மணல் வடிகட்டி இல்லாமல் பவுடரை மட்டும் கூட்டினால் நாற்றம்தான் கூடும்.

அடுத்த கிராம சபையில் ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கான படிவம் 30-ஐ வைக்கும்போது பவுடர் வாங்கிய பில்லையும் கேளுங்கள். தினம் ஒருமுறை நிரம்பும் 30,000 லிட்டர் தொட்டிக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 44 கிலோ ஆகும். 25 கிலோ மூட்டை ஒன்றுக்குத்தான் பில் இருந்தால், அது ஏழு மாதத்தில் தீர்ந்திருக்கும். மீதி ஐந்து மாதம் தொட்டியில் என்ன கலந்தார்கள் என்று அங்கேயே கேட்கலாம்.